மூன்று தரத்திற்குப் பின்

“ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று ஏலம் கூறுபவர் சொல்லி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. இன்ன பொருள் இன்ன விலைக்குப் போயிற்று என்ற செய்தி ஊரெங்கும் பரவுகிறது. அந்த விலையில் விற்றவர் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கேட்பவர் மிகச் சிலரே. வரலாற்று நூல்களும் விலையைக் குறித்து வைக்கின்றன; செலவைக் குறித்து வைப்பதில்லை. “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று நம் பாட்டிமார் சொன்ன பழமொழிக்குள் ஒரு பெரிய பொருளாதார உண்மை அடங்கியிருக்கிறது. அவ்வுண்மையின் வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாணவ நேயர்களே! உங்களுள் பலர் அஞ்சல் தலைகளையும் பழங்காசுகளையும் சேர்ப்பவர்களாக இருப்பீர்கள். சேர்த்தவற்றை விற்பதற்கு இன்று கடைவீதிக்குப் போக வேண்டுவதில்லை. கையடக்கமான கருவி ஒன்றே உலகச் சந்தையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. “ஐந்நூறுக்கு வாங்கினேன், ஆயிரத்துக்கு விற்றேன், ஆகவே ஐந்நூறு இலாபம்” என்று ஒருவர் சொன்னால் அக்கணக்கு சரியா? சரியன்று என்பதற்கு ஈராயிரம் ஆண்டுச் சான்று உண்டு.

முதலில் உரோமாபுரிக்குச் செல்வோம். உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்த பின்னர், ஏலத்தில் விற்கும் பொருள்களின்மீது நூற்றுக்கு ஒன்று என்று அந்நாட்டில் வரி விதிக்கப்பட்டது. கி.பி. 15-இல் மக்கள் இவ்வரியை நீக்குமாறு வேண்டினர். போர்வீரர்களுக்கான கருவூலமே இவ்வரியை நம்பி இருக்கிறது என்று சொல்லிப் பேரரசர் டைபீரியஸ் மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கப்படோசியா நாடு பேரரசுடன் சேர்ந்து, அதன் வருவாயும் வந்த பிறகே, வரி பாதியாகக் குறைந்தது. இச்செய்திகளை டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து வந்த காலிகுலா இத்தாலியில் அவ்வரியையே நீக்கினார். நூற்றுக்கு ஒன்று என்பது மிகச் சிறிய தொகைதான். அச்சிறு தொகைக்காக மக்கள் பேரரசரிடம் முறையிட்டார்கள் என்றால், ஏலத்தில் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு மெல்லியதாக இருந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வரி ஒரு பக்கம். தரகு மற்றொரு பக்கம். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் பொம்பெயி நகரைச் சாம்பலால் மூடியது. அந்நகரில் இலூசியஸ் செசிலியஸ் இயுகுண்டஸ் என்ற பணவணிகரின் வீட்டில் 1875-ஆம் ஆண்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஏலக் கணக்குகள். பெரும்பாலும் விற்றவர்கள் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டுகள். “என் பொருள் ஏலத்தில் போன தொகையை, கூலி நீங்கலாகப் பெற்றுக்கொண்டேன்” என்பதே அவற்றின் சாரம். ‘கூலி நீங்கலாக’ என்ற அச்சிறு தொடரை நான் மிகவும் மதிக்கிறேன். விற்றவர் கணக்கில் விலை வேறு, வரவு வேறு என்பதைத் தெளிவாக ஒப்புக்கொண்ட ஆவணம் அது. கழிக்கப்பட்டது எதுவோ அது கண்ணெதிரே கழிக்கப்பட்டது. கையெழுத்திட்டவர் அதை அறிந்தே இட்டார்.

இனி இலண்டன் மாநகரம். சாமுவேல் பேக்கர் என்ற புத்தக வணிகர் 1744-இல் நூல்களை ஏலமிட்டுத் தொடங்கிய தொழிலே பின்னர்ச் சாத்பீஸ் என்று பெயர் பெற்றது. ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் 1766-இல் தம் ஏலச்சாலையைத் தொடங்கினார். அமெரிக்கப் போரின் செலவுக்காக ஆங்கில அரசு 1777-இல் ஏலத்தின்மீது தீர்வை விதித்தது. 1845-ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. உரோமாபுரியில் நடந்ததே இலண்டனிலும் நடந்தது: போருக்குப் பணம் வேண்டும்போது ஆளுவோர் கண்ணுக்கு ஏலச்சாலை எளிதில் தென்படுகிறது.

ஆயினும் பெரிய மாறுதல் 1975-இல் நேர்ந்தது. அதுவரை இலண்டன் ஏலச்சாலைகள் விற்பவரிடமே தரகு பெற்று வந்தன. அவ்வாண்டில் கிறிஸ்டீஸ், சாத்பீஸ் ஆகிய இரண்டும், வாங்குபவரிடமும் நூற்றுக்குப் பத்து மேற்கட்டணம் பெறத் தொடங்கின. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். “விற்பவருக்கு என்ன கவலை? கொடுப்பவர் வாங்குபவர்தானே?” என்று தோன்றும். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஒரு பொருளுக்கு மொத்தம் 1,100 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை என்று உறுதியுடன் வருகிறவர், மேற்கட்டணம் இல்லாவிட்டால் 1,100 வரை கேட்பார். நூற்றுக்குப் பத்து மேற்கட்டணம் உண்டு என்று அறிந்தால் 1,000-த்துடன் நின்றுவிடுவார். அவர் பையிலிருந்து போவது இரண்டு முறையிலும் 1,100 தான். விற்பவருக்கு வரவேண்டிய நூறு ரூபாயே இடையில் குறைந்தது. பெயர் வாங்குபவருடையது, சுமையில் பெரும்பங்கு விற்பவருடையது. மறைந்த செலவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

மறைப்பு ஓரளவுக்கு மேல் போனால் அது குற்றமாகவும் ஆகிவிடுகிறது. போட்டி இருக்கும்வரை விற்பவர் ஓர் ஏலச்சாலையின் தரகை மற்றொன்றின் தரகுடன் ஒப்பிட்டுப் பேரம் பேசலாம். ஆனால் 1990-களில் அவ்விரு பெரு நிறுவனங்களும் தரகு வீதங்களைத் தமக்குள் கலந்து முடிவுசெய்தன என்பது வெளியாயிற்று. வழக்குத் தொடுத்த வாடிக்கையாளர்களுக்கு 51 கோடியே 20 இலட்சம் டாலர் தருவதாக அவை 2000-ஆம் ஆண்டில் இணங்கின. சாத்பீஸின் தலைவராயிருந்த ஆல்பிரட் டாப்மன் 2001-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார்.

இவ்வளவையும் ஒரே பொருளின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் 1856-இல் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய அஞ்சல் தலைகள் வந்து சேரவில்லை. ஜார்ஜ்டவுன் நகரின் செய்தித்தாள் அச்சகம் ஒன்றில் அவசரமாகச் சில தலைகளை அச்சிட்டார்கள். செந்நீலத் தாளில் கறுப்பு மை. நடுவே ஒரு கப்பல். விலை ஒரு சென்ட். அவ்வகையில் இன்று அறியப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று. அதை 1873-இல் பன்னிரண்டு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், உறவினரின் பழங்கடிதங்களிடையே கண்டெடுத்து, உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான்.

பின்னர் அத்தலை பெராரி என்னும் பெருஞ்செல்வரின் தொகுப்பை அடைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு அரசு அத்தொகுப்பைக் கைப்பற்றிப் பாரிசில் ஏலமிட்டது. ஆர்தர் ஹைண்டு என்ற ஆலை முதலாளி 1922-இல் இத்தலையை 3,00,000 பிராங்குக்கு எடுத்தார். ஆனால் அவர் செலுத்தியது 3,52,500 பிராங்கு. நூற்றுக்குப் பதினேழரை வீதம் சேர்ந்த 52,500 பிராங்கு ஏல விலைக்கு மேற்பட்டது.

ஒரு கூட்டுக் குழுவினர் 1970-இல் அதனை 2,80,000 டாலருக்கு வாங்கினர். அதனை உலகெங்கும் கண்காட்சிகளுக்குக் காவலுடன் எடுத்துச் சென்று காட்டினர். 1980-இல் ஜான் டுபான்ட் என்பவர் அதை வாங்கினார். ஏல விலை 8,50,000. பத்து விழுக்காடு மேற்கட்டணம் சேர்ந்து அவர் செலுத்தியது 9,35,000 டாலர். அவர் மறைந்த பின், 2014-இல் நியூயார்க்கில் ஏலம் நடந்தது. சுத்தியல் விழுந்தது 79 இலட்சம் டாலரில். வாங்கியவர் கொடுத்தது 94 இலட்சத்து 80 ஆயிரம் டாலர். இடைப்பட்ட 15 இலட்சத்து 80 ஆயிரம் ஏலச்சாலையைச் சேர்ந்தது.

ஒன்பது இலட்சத்துச் சொச்சம் எழுபத்தொன்பது இலட்சம் ஆயிற்றே என்று வியப்போம். ஆனால் இடையே கழிந்தவை 34 ஆண்டுகள். கணக்கிட்டுப் பார்த்தால் கூட்டு வட்டி முறையில் ஆண்டுக்குச் சுமார் ஆறரை விழுக்காடே வருகிறது. அக்காலத்திற்குள் அமெரிக்காவில் பொதுவிலைகளும் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிட்டன. விலையேற்றத்தை நீக்கினால் மிஞ்சுவது ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். காப்பீடு, பெட்டகக் கூலி, விற்பனைத் தரகு ஆகியவற்றையும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். உலகிலேயே அரிய அஞ்சல் தலையின் கதை இது.

கதை அங்கும் முடியவில்லை. அதே தலை 2021-இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தது. சுத்தியல் விழுந்தது 70 இலட்சம் டாலரில். புதியவர் செலுத்தியது 83 இலட்சத்து 7 ஆயிரம். 94.80 இலட்சத்துக்கு வாங்கியது 83.07 இலட்சத்துக்கு விற்றது என்று பார்த்தால், இழப்பு ஏறக்குறைய 12 இலட்சம் டாலர் போலத் தோன்றும். விற்பவரின் பொதுக் கணக்கோ சுத்தியல் விலையிலிருந்து தொடங்குவது. அப்படிப் பார்த்தால் இறக்கம் 24 இலட்சத்து 80 ஆயிரம். வாங்கும்போது முழுத்தொகையையும், விற்கும்போது குறைந்த தொகையையும் ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு. ஏழே ஆண்டுகளில் விலை சற்றே இறங்கியது. இரு முனைகளிலும் நின்ற கட்டணங்கள் அவ்விறக்கத்தை இரு மடங்குக்கும் மேலாக்கிவிட்டன.

இதுவரை பெருஞ்செல்வர் உலகில் உலவினோம். இனி நம்மைப் போன்றோர் உலகம். அமெரிக்காவில் 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்னும் இளைஞர் இணையத்தில் ஓர் ஏலத் தளம் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. அதில் முதலில் விற்றது பழுதுபட்ட ஒளிக்கதிர்ச் சுட்டுகருவி. விலை 14 டாலர் 83 சென்ட். தொடக்கத்தில் அவர் கட்டணம் பெறவில்லை. தளத்தை நடத்தத் தாமே திங்கள்தோறும் 250 டாலர் செலுத்த நேர்ந்தபோது விற்பவர்களிடம் சிறு கட்டணம் கேட்டார்; காசோலைகள் வந்து குவிந்தன. தரகர் இல்லாத ஏலம் என்ற கனவு சில மாதங்களிலேயே கலைந்தது. தரகு மறையவில்லை, மனிதர் கையிலிருந்து இயந்திரத்தின் கைக்கு மாறியது.

அக்கட்டணமும் மெல்ல வளர்ந்தது. பொருளின் விலைக்கு மட்டும் கட்டணம் இருந்தவரை, சில விற்பனையாளர்கள் விலையைக் குறைத்து அஞ்சற் கூலியை உயர்த்திக் காட்டினர். ஆகவே அத்தளம் 2011-இல் அமெரிக்காவில் அஞ்சற் கூலியின்மீதும் கட்டணம் விதித்தது. பணம் செலுத்தும் பேபால் என்ற நிறுவனத்தை 2002-இல் விலைக்கு வாங்கிய அதே தளம், 2015-இல் அதைப் பிரித்துவிட்டது. பணம் கைமாறும் வழிக்கும் ஒரு கூலி உண்டு. பொருள் உண்மையானதா என்று தேர்ந்து தரம் பிரிப்பதற்கும் கூலி உண்டு. நாணயங்களைத் தரம்பார்த்து ஞெகிழிப் பேழையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் 1980-களின் நடுவில் அமெரிக்காவில் பெருகின. விலை குறைந்த நாணயத்தை அங்கு அனுப்பினால், தரச்சான்றின் கூலி நாணயத்தின் விலையையே விழுங்கிவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள வீதங்களை எடுத்துக்காட்டுக்காகவே கொள்கிறேன். 600 ரூபாய்க்கு வாங்கிய அஞ்சல் தலை 1,000 ரூபாய்க்குப் போகிறது. அஞ்சற் கூலியாக வாங்குபவர் 100 ரூபாய் தருகிறார். மொத்த வரவு 1,100. தளத்தின் தரகு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 132 ரூபாய். பணம் செலுத்தும் கூலி நூற்றுக்கு இரண்டு என்றால் 22 ரூபாய். அஞ்சலுக்கும் உறைக்கும் அட்டைக்கும் உண்மையில் ஆனது 130 ரூபாய். மிஞ்சியது 816. அதில் முதல் 600 போக, 216 ரூபாய். பத்தில் ஒரு விற்பனை திரும்பி வந்து 200 ரூபாய் இழப்பு நேர்கிறது என்று கொண்டால், ஒவ்வொன்றின் தலையிலும் 20 ரூபாய் ஏறும். ஆக 196 ரூபாய். நானூறு என்று மகிழ்ந்த இலாபம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. படம் பிடிக்கவும், விவரம் எழுதவும், கேள்விகளுக்கு விடை சொல்லவும், அஞ்சலகத்தில் காத்திருக்கவும் செலவான பொழுதுக்கு இன்னும் நாம் விலை போடவில்லை.

அதே தலை ஆயிரத்துக்குப் பதிலாக 800-க்குப் போனால் என்ன ஆகும்? மொத்த வரவு 900. தரகு 108, பணக்கூலி 18, அனுப்பும் செலவு 130. மிஞ்சுவது 644. முதலையும் இழப்புப் பங்கையும் கழித்தால் 24 ரூபாய்! விலை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. இலாபம் குறைந்தது எட்டில் ஏழு பங்கு. 750-க்குப் போனால் கையிலிருந்து 19 ரூபாய் போகும். விலை இறங்கினாலும் அனுப்பும் செலவு இறங்குவதில்லை என்பதே காரணம். மெல்லிய இலாபத்தில் வாழும் வணிகர் எவரும் இவ்விதியை மனப்பாடமாக அறிவர். புதிதாக விற்க வருபவர் மட்டுமே அறியார்.

விலை ஏன் இறங்குகிறது என்ற கேள்விக்கும் வரலாறு விடை சொல்கிறது. ஓர் ஊரில் ஒருவரிடம் மட்டும் இருக்கும் பொருள் அவ்வூரில் அரிது. இணையச் சந்தை ஆயிரம் ஊர்களின் பெட்டிகளை ஒரே நாளில் திறந்துவிடுகிறது. பீனி பேபி என்னும் சிறு துணிப் பொம்மைகளை அமெரிக்கர் 1990-களின் பிற்பகுதியில் பொன்போல் சேர்த்தனர். ஈபேயில் அவற்றின் விற்பனை அமோகமாக இருந்தது. ஆனால் எல்லோரும் சேர்த்துவைத்த பொருள் எப்படி அரிய பொருளாகும்? அவை குவிந்து கிடப்பது தெரிந்ததும் பெரும்பாலானவற்றின் விலை சரிந்தது. ஏலத்தில் வாங்கி ஏலத்திலேயே விற்பவருக்கு மற்றோர் இடரும் உண்டு. வந்தவர் அனைவரிலும் அப்பொருளை மிக உயர்வாக மதித்தவரே வெல்கிறார். ஆகவே மிகையாக மதித்தவரும் பெரும்பாலும் அவரே. எண்ணெய் நிலங்களின் ஏலத்தை ஆராய்ந்த மூன்று பொறியியலார் 1971-இல் இதனை விளக்கினர். ‘வென்றவரின் சாபம்’ என்று இது வழங்குகிறது.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. பாசி என்ற இந்திய ஏலத் தளத்தை ஈபே 2004-இல் வாங்கியது. அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. ஆனால் பழம்பொருள் மோகம் மூடப்படவில்லை. இந்திய நாடாளுமன்றம் 1972-இல் இயற்றிய தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. உலகச் சந்தை கைக்குள் இருக்கிறது என்று மயங்கிப் பழங்காசைக் கடல் கடந்து விற்க முற்படுவோர், எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லாத செலவைச் சந்திக்க நேரும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் பெருவிலைக்கு வாங்குவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, முன்னதாகவே தரகும் வரியும் கட்டணமும் செலுத்துமாறு சிலர் பொதுமக்களை ஏமாற்றுவதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இவ்வகைத் தொழிலில் தனக்குத் தொடர்பில்லை என்றும், எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் அது அறிவித்தது. இந்த ஏமாற்றின் உளவியல் கவனிக்கத்தக்கது. விற்பவருக்குப் பல கட்டணங்கள் உண்டு என்று அரைகுறையாக அறிந்தவரே இதில் விழுகிறார். உண்மையான ஏலத்தில் தரகு பெரும்பாலும் விற்ற தொகையிலிருந்து கழிகிறது. பொருளை வாங்கும் முன்னரே விற்பவரைப் பணம் கட்டச் சொல்பவர், பொருளை வாங்க வந்தவர் அல்லர்.

இவ்வளவும் சொன்னதனால் செலவுகள் அனைத்தும் கொள்ளை என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. ஊர்பேர் அறியாத ஒருவரை நம்பிப் பொருளை அனுப்புகிறோம். முகமறியாத ஒருவர் நம்மை நம்பிப் பணம் அனுப்புகிறார். அந்த நம்பிக்கையை உண்டாக்கிக் காப்பதற்கு ஒரு விலை உண்டு. பொம்பெயி வணிகர் பெற்ற கூலியும் அதற்கே. கயானாச் சிறுவன் தரகு ஏதும் கொடுக்கவில்லை. விற்ற ஆறு ஷில்லிங்கும் முழுமையாக அவன் கைக்கு வந்தது. ஆனால் அவன் விற்றது இன்னதென்று சொல்லத்தக்கவர் அருகில் இல்லை. கட்டணமே இல்லாத விற்பனையில் அறியாமையே கட்டணமாக நின்றுவிட்டது. ஆகவே, கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் என்ன பணி கிடைக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை. பணி உண்டெனில் அது கூலி. பணி இல்லையெனில் அது இழப்பு.

சேகரிப்பது இனிய கலை. ஒரு சிறு தாள்துண்டு மறைந்த அரசுகளையும் மாறிய எல்லைகளையும் கற்பிக்கிறது. அந்த இன்பத்திற்காகச் சேர்ப்பவர் விற்றாலும் விற்காவிட்டாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இலாபத்திற்காகச் சேர்ப்பவரோ, பொருளை ஒட்டிவைக்கும் ஏட்டுடன் மற்றுமோர் ஏட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய விலை, கொடுத்த கட்டணம், அனுப்பிய செலவு, திரும்பி வந்தது, செலவான நேரம் ஆகிய ஐந்தையும் அதில் தவறாமல் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிவில் அவ்வேட்டைக் கூட்டிப் பார்த்தால், நீங்கள் வணிகரா, சுவைஞரா என்பதை அது ஐயமின்றிச் சொல்லிவிடும். இரண்டும் மதிப்புள்ள நிலைகளே. எந்நிலையில் இருக்கிறோம் என்று அறிந்திருத்தல் நன்று.